"பால் பத்தலை" என்று சொல்வதற்கு முன்

மூன்று மாதம் முன்பு தங்கைக்குச் சிசேரியனில் பெண் குழந்தை பிறந்தது. இரண்டாம் நாள் குழந்தை விடாமல் அழுதது. பார்க்க வந்த சித்தி "பால் பத்தலை போல" என்றார். மதியம் நர்ஸும் அதையே சொன்னார். சாயங்காலம் பவுடர் டப்பா வந்துவிட்டது. எல்லோரும் அக்கறையில்தான் செய்தார்கள். ஆனால் தங்கை அன்று ராத்திரி முழுக்க அழுதாள்.

முதல் இரண்டு மூன்று நாள் சீம்பால்தான் சுரக்கும், அதுவும் கொஞ்சமாகத்தான். பச்சைக் குழந்தையின் வயிற்றுக்கு அது போதும். சிசேரியன் என்றால் பால் இறங்க இன்னும் கொஞ்சம் தாமதமாகலாம். குழந்தை சப்பச் சப்பத்தான் பால் ஊறும். டப்பா பாலில் வயிறு நிறைந்த குழந்தை மார்பைத் தேடாது. அப்புறம் நிஜமாகவே பால் பத்தாமல் போய்விடும்.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கும் மேல் ஆஸ்பத்திரிப் பிரசவம். அப்படியிருந்தும் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே குடிப்பவை சுமார் 55 சதவீதம்தான். நாட்டின் சராசரியே 64. பக்கத்தில் இலங்கையில் 2016 கணக்குப்படி 82! தமிழ்நாட்டுப் பிரசவங்களில் நூற்றுக்கு 45 சிசேரியன் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

பாட்டி காலத்தில் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு, குழந்தை நாக்கில் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டுச் சேனை வைப்பார்கள். அது பெரும்பாலும் போய்விட்டது, நல்லது. அந்த இடத்தில் டப்பா வந்து உட்கார்ந்துகொண்டதுதான் வருத்தம். குழந்தைப் பால் பவுடருக்கு விளம்பரம் செய்யக் கூடாது, இலவச மாதிரி கொடுக்கக் கூடாது என்று 1992லேயே சட்டம் வந்துவிட்டது.

வேலைக்குப் போகும் பெண்கள் கதை வேறு. தமிழ்நாடு அரசு ஊழியருக்கு ஒரு வருட விடுப்பு, கம்பெனியில் 26 வாரம். சித்தாள் வேலைக்குப் போகிறவளுக்கு? அவளிடம் போய் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடு என்று புத்தி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நிஜமாகவே பால் சுரக்காத தாய்மார்களும் உண்டு. பவுடர் கொடுக்கும் எந்த அம்மாவையும் நான் குறை சொல்லவில்லை.

தங்கைக்கு ஒரு கிராம சுகாதாரச் செவிலியர் கிடைத்தார். பத்தாம் நாள் வீட்டுக்கு வந்தவர் அரை மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்தார். காம்பு மட்டுமில்லாமல் அதைச் சுற்றியுள்ள கருவளையமும் வாய்க்குள் போகிற மாதிரி குழந்தையைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். "ராத்திரிப் பால மட்டும் விட்டுடாதம்மா" என்றார். மூன்றாவது வாரம் டப்பா பாலை நிறுத்திவிட்டோம்.