உள்பக்கங்களும் ஓவியம்தான்
கமாண்டோ என்ற பிரிட்டிஷ் போர்ச் சித்திரக்கதை இதழ்களில் வண்ண அட்டைதான் ஓவியம், உள்ளே இருப்பது அவசரக் கிறுக்கல் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். இயான் கென்னடியின் அட்டை விமானங்கள் அபாரம், மறுக்கவில்லை. ஆனால் உள்ளே, உள்ளங்கை அகலப் பக்கத்தில் இரண்டு மூன்று கட்டம்தான். இரவு, புகை, மழை எல்லாம் வெறும் கறுப்பு மையில் வர வேண்டும். பழைய புத்தகக் கடையில் வாங்கிய என் பிரதியில் ஒரு கட்டம் முக்கால்வாசி கறுப்பு, ஹெல்மெட் விளிம்பில் மட்டும் மெல்லிய வெள்ளைக் கோடு. வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அதிலேயே தெரிந்துவிடும். இத்தனைக்கும் அந்தக் காலத்தில் வரைந்தவர் பெயரைக்கூடப் போடமாட்டார்கள்! இதே கையடக்க வடிவில் வந்த வார் பிக்சர் லைப்ரரி என்ற இன்னொரு போர்க்கதை இதழுக்கு, புகழ்பெற்ற இத்தாலியச் சித்திரக்கதை ஓவியர் ஹியூகோ பிராட்டே வரைந்திருக்கிறார். அப்புறம் 1979இல் தொடங்கிய சார்லீஸ் வார் என்ற முதல் உலகப் போர்ச் சித்திரத் தொடர்: அதில் ஜோ கஹூன் வரைந்த பதுங்குகுழிச் சேற்றைப் பார்த்துவிட்டு யாராவது கிறுக்கல் என்று சொல்லட்டும்.