பி.பி.ஏ. என்றதும் உதட்டைப் பிதுக்குகிறவர்களுக்கு

பிளஸ் டூ முடிவு வந்த மறுநாளிலிருந்து எங்கள் தெருவில் ஆளுக்கு ஆள் கல்வி ஆலோசகர்தான். இந்த முறை என்னிடம் வந்தவர் எதிர்வீட்டு அக்கா. மகள் வணிகவியல் பிரிவில் நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். அவள் கேட்பது பி.பி.ஏ., அதாவது வணிக நிர்வாக இளநிலைப் பட்டம். "பி.பி.ஏ.தான் சேருவேன் என்று அடம்பிடிக்கிறாள் தம்பி. ஒன்றும் கிடைக்காத பிள்ளைகள் போய்ச் சேருகிற படிப்பாமே அது? நீயும் அதைத்தானே படித்தாய்?" என்றார். கடைசிக் கேள்வியைக் கொஞ்சம் இரக்கத்தோடுதான் கேட்டார். அதனால் கோபப்படவும் வழியில்லை.

"தாராளமாகச் சேருங்கள் அக்கா, ஆனால்..." என்று தொடங்கினேன். அந்த 'ஆனால்' வாசற்படியில் நின்று சொல்லி முடிகிற நீளத்தில் இல்லை. ஆகவே இந்தப் பதிவு.

நான் 2006-இல் சேர்ந்து 2009-இல் முடித்தவன். கல்லூரியின் பெயர் வேண்டாம். அங்கே இன்றும் பாடம் நடத்துகிற இரண்டு பேர் இந்தப் பக்கத்தில் என் நண்பர்கள்.

வேலூரில் பி.பி.ஏ. படிப்பதில் தனிச் சங்கடம் ஒன்று உண்டு. ஊருக்கு நடுவில் உலகப் புகழ் பெற்ற சி.எம்.சி. மருத்துவமனை. காட்பாடிப் பக்கம் பொறியியல் மாணவர்களின் கடல். கல்யாண வீட்டில் உறவினர் "என்ன படிக்கிறாய்?" என்று கேட்டால், நர்சிங் என்று சொல்கிறவளுக்கு ஒரு மரியாதை, இன்ஜினியரிங் என்று சொல்கிறவனுக்கு ஒரு மரியாதை. நான் பி.பி.ஏ. என்றேன். "பி.ஏ.வா?" என்று திருப்பிக் கேட்டார் என் சித்தப்பா. மூன்று வருடமும் அவருக்கு நான் பி.ஏ.தான்.

முதல் பருவத்திலேயே 'மேலாண்மைக் கோட்பாடுகள்' தாள். ஹென்றி ஃபயோலின் பதினான்கு கோட்பாடுகளை முதலெழுத்துகளைக் கோத்து மனப்பாடம் செய்தோம். எனக்கு எப்போதும் பதினோராவதோடு மூச்சு நின்றுவிடும். அந்த ஃபயோல் யார் என்று வகுப்பில் யாரும் சொல்லவில்லை. அவர் சுரங்கப் பொறியாளர். 1888-இல், திவாலாகும் நிலையில் கிடந்த ஒரு பிரெஞ்சு சுரங்க நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்று, அதைத் தூக்கி நிறுத்தி, முப்பது வருடம் நடத்தினார். நடத்திய அனுபவத்தை வைத்து 1916-இல் எழுதியதுதான் அந்தப் பதினான்கு. தன் காலடி மண்ணில் பார்த்ததை ஒரு மனிதர் எழுதினார். அதை நாங்கள் எங்கள் காலடி மண்ணைப் பார்க்காமலே படித்தோம். என் மொத்தக் குறையும் இந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது.

இறுதியாண்டு புராஜெக்ட் கதையைச் சொன்னால் இன்னும் விளங்கும். எனக்கு வாய்த்த தலைப்பு, இருசக்கர வாகன வாடிக்கையாளர்களின் திருப்தி நிலை, வேலூர் நகரைச் சிறப்பாகக் கருத்தில் கொண்டு. நூறு பேரிடம் வினாத்தாள் கொடுத்து நிரப்பி வாங்க வேண்டும். நாங்கள் நான்கு பேர் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து, நீலம், கறுப்பு என்று பேனாவை மாற்றி மாற்றி, வலக்கையிலும் இடக்கையிலுமாக எழுதி, இரண்டு இரவில் நூறு வாடிக்கையாளர்களையும் திருப்திப்படுத்தி முடித்தோம். நூறு என்பதில் ஒரு வசதி உண்டு. சதவீதம் கணக்குப் போடவே வேண்டாம். முன்னுரையும் முடிவுரையும் ஸ்பைரல் பைண்டிங் கடையில் தயாராக இருந்தன. ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்தார் கடைக்காரர். மாற்றியதில் நாற்பத்தேழாம் பக்கம் விடுபட்டுப்போனது. அந்தப் பக்கத்தில் மட்டும் என் வாடிக்கையாளர்கள் கிருஷ்ணகிரியில் வசித்தார்கள். வாய்மொழித் தேர்வுக்கு வந்தவர் அதுவரை புரட்டவில்லை. எனக்கு முதல் வகுப்பு.

இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. அந்த இரண்டு இரவும் நாங்கள் உட்கார்ந்திருந்த மாடியிலிருந்து எட்டிப் பார்த்தால் என்ன தெரிந்தது என்பதைச் சொல்லத்தான் இதைச் சொல்கிறேன்.

கீழே, சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்கு வந்த குடும்பங்கள் தங்கும் லாட்ஜுகள். வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு என்று எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். வாரக்கணக்கில் இருக்க வேண்டியவர்கள் மூன்று வேளையும் ஓட்டலில் சாப்பிட முடியாது. ஆகவே அறையிலேயே அடுப்பு வைத்துச் சமைத்துக்கொள்ள இடம் தரும் லாட்ஜுகள் முளைத்தன. பெயர்ப்பலகைகளில் வங்காள எழுத்து ஏறியது. லாங்கு பஜாரில் எங்கள் மளிகைக் கடைக்கும் ஆட்கள் வந்து 'ஷோர்ஷேர் தேல்' கேட்டார்கள். கடுகு எண்ணெய். "நம்மிடம் அதெல்லாம் கிடையாது" என்று என் நைனா கையை விரித்தார். எதிர்க்கடைப் பையன் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஒரே மாதத்தில் வங்காளத்தில் ஒன்றிலிருந்து நூறு வரை எண்ணக் கற்றுக்கொண்டு, கடுகு எண்ணெய் டின்னை வாசலிலேயே அடுக்கிவிட்டான். அதே மாதத்தில் நான் 'சந்தைப் பிரிவாக்கம்', அதாவது வாங்குகிறவர்களை அவர்கள் தேவைப்படி குழுக்களாகப் பிரிப்பது, என்பதற்கு அமெரிக்கப் பேராசிரியர் ஒருவரின் இலக்கணத்தைப் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அந்த இலக்கணத்தில் பிழை ஏதும் கிடையாது. அது எங்கள் கடை வாசலில் நின்று எண்ணெய் கேட்டுவிட்டுப் போனதுதான் எனக்குத் தெரியவில்லை.

'வணிகச் சூழல்' என்று இன்னொரு தாள். சமூகப் பொறுப்பு, சுற்றுச்சூழல் என்று பொத்தாம்பொதுவாக ஐந்து பக்கம் எழுதுவோம். இந்தியாவின் சட்டக் கல்லூரிகளில் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிறவர்கள் தவறாமல் படிக்கும் தீர்ப்பு ஒன்றின் தலைப்பிலேயே எங்கள் ஊர் இருக்கிறது: வேலூர் குடிமக்கள் நல மன்றம் எதிர் இந்திய ஒன்றியம், உச்ச நீதிமன்றம், 1996 ஆகஸ்ட் 28. தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு பாலாற்றுப் படுகையைக் கெடுத்ததை எதிர்த்துத் தொடுத்த வழக்கு. மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பிள்ளைகள். தோல் தொழிலில் சோறு தின்ற வீடுகளும் உண்டு, அதனால் கிணறு கெட்ட வீடுகளும் உண்டு, இரண்டும் நேர்ந்த வீடுகளும் உண்டு. ஒரு மணி நேரம் அதைப் பற்றிப் பேச விட்டிருந்தால் வகுப்பில் நெருப்புப் பறந்திருக்கும். நாங்கள் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தோம்.

பொய்கை மாட்டுச் சந்தைக்கு நான் முதல் முறை போனது இருபத்தெட்டு வயதில். உடன் வேலை செய்கிறவர் ஒரு கறவை வாங்கப் போனார். செவ்வாய்க்கிழமை, விடிந்தும் விடியாத நேரம். தரகர் துண்டைப் போட்டு மூடி, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுகிறார். பக்கத்தில் நிற்கிற எனக்கு எதுவும் தெரியாது. மடி பெரிதாகத் தெரிய முதல் நாள் பால் கறக்காமலே ஓட்டி வந்திருப்பார்கள், அதை மட்டும் நம்பாதே என்று நண்பரின் காதில் ஒரு பெரியவர் சொன்னார். விற்கிறவனுக்குத் தெரிந்தது வாங்குகிறவனுக்குத் தெரியாது என்ற இதே விஷயத்தைப் பழைய கார் சந்தையை வைத்து 1970-இல் எழுதியவர் ஜார்ஜ் அக்கர்லாஃப். 2001-இல் பொருளாதார நோபல் பெற்ற மூவரில் ஒருவர். சந்தைக்குக் கல்லூரியிலிருந்து டவுன் பஸ்ஸில் போய்விடலாம்.

இவ்வளவும் சொன்னதும், "பார்த்தாயா, அனுபவம்தான் பள்ளிக்கூடம், படிப்பு வீண்" என்று ஓடிவரத் தயாராக இருப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். அந்தக் கட்சியில் நான் இல்லை. காரணம், என் நைனாவின் பேரேடு.

சிவப்புத் துணி அட்டை போட்ட நீளமான பேரேடு. பிள்ளையார் சுழி, அதற்குக் கீழே 'லாபம்', பிறகுதான் கணக்கு. ஆட்களுக்குப் பெயர் கிடையாது, ஊரும் தொழிலும்தான். 'அணைக்கட்டு டீக்கடை', 'ஒடுகத்தூர் பெரியவர்', 'பள்ளிகொண்டா மெஸ்'. சில வரிகளின் ஓரத்தில் பென்சில் புள்ளி இருக்கும். ஒரு புள்ளி என்றால் இழுத்தடிப்பார். இரண்டு என்றால் பழைய பாக்கி வராமல் புதுச் சரக்கு இல்லை. மூன்று என்றால் வராது. கேட்டு முகத்தை முறித்துக்கொள்ளவும் வேண்டாம். கல்லூரியில் 'வாரா ஐயக்கடன் ஒதுக்கு', அதாவது திரும்பி வருமா என்று சந்தேகப்படும் கடனுக்காக முன்கூட்டியே ஒதுக்கும் தொகை, பற்றிப் படித்துவிட்டு வந்த அன்று, கடனாளிகள் மீது ஐந்து சதவீதம் ஒதுக்க வேண்டும் நைனா என்று விளக்கினேன். அவர் சிரித்தார். "எல்லார் மேலும் ஐந்தா? இந்த மூன்று பேர் நூறு சதவீதம். மற்றவர்கள் பூஜ்யம். ஐந்து எங்கிருந்து வந்தது?" என்னிடம் பதில் இல்லை. கேள்வித்தாளில் ஐந்து என்று இருந்தது, அவ்வளவுதான்.

அன்று அவர் ஜெயித்தார். இறுதியாண்டில் அடக்கவிலைக் கணக்கியல் படித்தபோது ஆட்டம் மாறியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், கடை மூடிய பிறகு, அவர் எழுதாமல் விட்டதையெல்லாம் எழுதிப் பார்த்தேன். மாதம் கையில் நிற்பது சுமார் 11,000 ரூபாய். அதை அவர் லாபம் என்பார். கட்டடம் தாத்தாவுடையது, வாடகை இல்லை. பக்கத்துக் கடை 6,000 வாடகைக்குப் போயிருந்தது. அவர் இதே வேலையை வேறொரு கடையில் பார்த்தால் 5,000 கிடைக்கும். ஆறும் ஐந்தும் பதினொன்று. லாபம் பூஜ்யம். அம்மா தினமும் பிற்பகல் உட்கார்ந்து மிளகாயும் தனியாவும் பொட்டலம் கட்டுவார். அதற்கு நாள் ஒன்றுக்கு 80 ரூபாய் என்று 26 நாளுக்குப் போட்டேன். 2,080. கடையின் நஷ்டம் அம்மாவின் கூலியோடு காசு பிசகாமல் பொருந்தி நின்றது.

காகிதத்தைக் காட்டினேன். நைனா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கல்லாவிலிருந்து தலை நிமிராமல் கேட்டார்: "அம்மாவுக்கு எண்பதா போட்டாய்?"

"ஆமாம் நைனா."

"குறைத்துப் போட்டிருக்கிறாய்."

அடுத்த தை மாதம் பின்பக்கக் கிடங்கை வாடகைக்கு விட்டார். பொட்டலம் கட்ட ஓர் அம்மாளைச் சம்பளத்துக்கு வைத்தார். முப்பது வருடப் பஜார் அனுபவம் அவருக்கு மூன்று புள்ளிகளைக் கற்றுக்கொடுத்திருந்தது. சொந்தக் கட்டடத்துக்கும் வாடகை உண்டு, வீட்டுப் பெண்ணின் கைக்கும் கூலி உண்டு என்பதை அந்த அனுபவம் சொல்லித் தரவில்லை. பஜார் முழுக்க யாருக்கும் அது சொல்லித் தரவில்லை. எல்லாக் கடையிலும் அதே கணக்குத்தான்.

இதனால்தான் பி.பி.ஏ.வை யாராவது மட்டம் தட்டினால் எனக்குச் சுருக்கென்கிறது.

வேலை விஷயத்தைப் பூசி மெழுக விரும்பவில்லை. பி.பி.ஏ. மட்டும் வைத்துக்கொண்டு போனால் மேலாளர் நாற்காலி யாரும் தரமாட்டார்கள். நான் ஒரு ஷூ கம்பெனி ஸ்டோரில் மாதம் 4,500-க்குச் சேர்ந்தேன். அருகில் பி.காம். முடித்தவருக்கும் அதே சம்பளம். சேர்ந்த முதல் வாரமே பசை டிரம்கள் தேதி முடிந்து கட்டியாகிக் கிடந்ததைப் பார்த்தேன். 'முதலில் வந்தது முதலில் போக வேண்டும்' என்ற முறையில் கட்டம் போட்டுக் கணக்கு எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன் நான். கிடங்குக்கு ஒரே கதவு. புதுச் சரக்கு வாசலில் இறங்கும், பழையது சுவரோரம் போகும். எந்தக் கட்டத்திலும் அந்தக் கதவு இல்லை. நடுவில் ஒரு ஆள் போகிற அளவுக்குச் சந்து விட்டு அடுக்கவைக்க எனக்கு மூன்று மாதப் பேச்சுவார்த்தை தேவைப்பட்டது. வங்கித் தேர்வு, டி.என்.பி.எஸ்.சி. குரூப் தேர்வுகள் எல்லாம் பெரும்பாலும் எந்தப் பட்டத்துக்கும் திறந்தவைதான். அது தனிப் பாதை.

2024–25 கல்வியாண்டிலிருந்து பி.பி.ஏ.வும், தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ.யின் ஒப்புதலுக்குள் வந்துவிட்டது. மாதிரிப் பாடத்திட்டமும் வெளியிட்டிருக்கிறார்கள். நல்லதுதான். வகுப்பறையையும் நூலகத்தையும் அவர்களால் அளக்க முடியும். நாற்பத்தேழாம் பக்கத்தை ஆசிரியர்தான் புரட்ட வேண்டும்.

ஆசிரியர்களைத் திட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். எங்களுக்குக் கணக்கியல் நடத்தியவர் காலையில் கல்லூரி, மாலையில் டியூஷன் என்று ஓடிக்கொண்டிருந்தார். அறுபது பேரைச் சந்தைக்கு அழைத்துப்போக அவர் கையில் நேரமும் இல்லை, அனுமதியும் இல்லை. ஆனால் புராஜெக்ட் தலைப்பைத் தேர்ந்தெடுப்பது அவர் கையில்தான் இருந்தது. திருப்தி நிலை ஆய்வுகளுக்கு ஒரு பத்து வருடம் ஓய்வு கொடுங்கள் ஐயா. இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் தோட்டத்திலிருந்து நேதாஜி மார்க்கெட் வருவதற்குள் எத்தனை கை மாறுகிறது, ஒவ்வொரு கையிலும் விலை எவ்வளவு ஏறுகிறது என்று ஒரே ஒரு மாணவி எழுதட்டும். குடியாத்தம் லுங்கிக்கு நூல் விலை ஏறினால் யார் தலையில் விடிகிறது என்று இன்னொருவன் எழுதட்டும். ஸ்பைரல் கடையில் இவற்றுக்கு முன்னுரை கிடைக்காது.

அக்காவிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. சேரச் சொன்னேன்; கூடவே டேலி என்ற கணக்கு மென்பொருளும் கற்கட்டும், ஏதாவது ஒரு கடையிலோ கம்பெனியிலோ விடுமுறைக்கு உட்காரட்டும் என்று மட்டும் சொன்னேன். நேற்று அந்தப் பெண்ணே வந்தாள். விண்ணப்பத்தில் முதல் விருப்பம் பி.காம்., இரண்டாவது பி.பி.ஏ. என்று அம்மா போடவைத்துவிட்டாராம். "உங்கள் நைனா கணக்கு நோட்டு இன்னும் இருக்கிறதா அண்ணா?" என்று கேட்டாள். இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். நைனா இப்போதே மூன்று புள்ளிக்காரர்களின் புள்ளிகளையெல்லாம் ரப்பர் வைத்து அழித்துக்கொண்டிருக்கிறார். அதில் ஒருவர் அந்தப் பெண்ணின் தாத்தாவாம்.