படத்துக்குக் கீழே இருக்கும் வரி

வரலாற்றுப் பாடத்தில் படக்குறிப்பு, வரைபடம், சொல்லடைவை (புத்தகத்தின் கடைசியில் அகரவரிசையில் வரும் சொற்பட்டியல்) முதலில் பார்க்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரிதான். மண்டபம் ஊரில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள் பாடத்தைக் கடகடவென்று ஒப்பிப்பாள். படத்துக்குக் கீழே இருக்கும் வரியைக் கண்டுகொள்ளவே மாட்டாள்.

போன வாரம் பழைய ரயில் வரைபடம் ஒன்றையும் இப்போதையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பாம்பனைத் தாண்டி விரலை நகர்த்தினாள். பழையதில் கோடு தனுஷ்கோடி வரை போகிறது, புதியதில் ராமேஸ்வரத்தோடு நின்றுவிடுகிறது. “மிச்சக் கோடு எங்கப்பா?” என்றாள். ஓரத்தில் அச்சிட்டிருந்த ஆண்டைப் பார்க்கச் சொன்னேன்: 1955. அப்புறம்தான் அந்த மிச்சக் கோட்டை அழித்த 1964 டிசம்பர் புயலுக்கு வந்தோம். 1914இல் பாம்பன் பாலம் திறந்ததையும் சேர்த்துக் காலக்கோட்டை அவளே வரைந்தாள்.

சொல்லடைவுதான் இன்னும் கைவரவில்லை. அகரவரிசையில் ‘ள’ முதலா ‘ற’ முதலா என்று எனக்கே தடுமாற்றம்!