பிராக்ஸி மாறி கொடுத்தால் மட்டும் போதாது

டாக்கர் கன்டெய்னருக்கு (புரோகிராமைத் தனியாகப் பிரித்து ஓட்டும் பெட்டி மாதிரி) எச்டிடிபி பிராக்ஸி, எச்டிடிபிஎஸ் பிராக்ஸி என்ற இரண்டு சூழல் மாறிகளை (புரோகிராம்கள் படித்துக்கொள்ளும் அமைப்பு மதிப்புகள்) கொடுத்துவிட்டால் அதன் எல்லா டிராஃபிக்கும் பிராக்ஸி (இடையில் நின்று கடத்திவிடும் சர்வர்) வழியாகத்தான் போகும் என்று ஒரு நண்பர் சொல்லியிருக்கிறார். அப்படி இல்லைங்க. அந்த மாறி ஒரு வேண்டுகோள்தான். கர்ல் (இணையப் பக்கத்தை எடுக்கும் கமாண்ட்) மாதிரி அதை மதிக்கிற புரோகிராம் மதிக்கும், மதிக்காதது நேராக வெளியே போய்விடும். அடிவாரத்தில் 'ஏற்காட்டுக்கு இந்த வழி' என்று போர்டு வைப்பதால் அங்கே போகும் இன்னொரு வழியான குப்பனூர் ரோடு அடைபடுமா? அது மாதிரி.

நீங்களே பார்க்கலாம். எதுவும் ஓடாத ஒரு போர்ட்டை பிராக்ஸி முகவரியாகக் கொடுத்து கன்டெய்னரைத் தொடங்குங்கள். கர்ல் தோற்கும். அதே கன்டெய்னரிலிருந்து 1.1.1.1 என்ற வெளி இணைய முகவரிக்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கமாண்ட்) அடியுங்கள், பதில் சாதாரணமாக வரும். பிராக்ஸியே இல்லாதபோது அது எந்த வழியாகப் போனது?

நிஜமாக அடைக்க வேண்டுமென்றால் டாக்கரில் 'இன்டர்னல்' வகை (வெளியே போக வழியில்லாத) நெட்வொர்க் உருவாக்கி கன்டெய்னரை அதில் மட்டும் வையுங்கள். பிராக்ஸி கன்டெய்னரை அதிலும் வெளி நெட்வொர்க்கிலும் சேருங்கள். அப்புறம் அதே பிங்கை அடித்தால் பதில் வராது.