உணரி எடை பார்ப்பதில்லை

வீட்டுத் திருட்டு அலாரத்தின் நடமாட்ட உணரிப் பெட்டியில், பிராணிகளுக்கான வரம்பாக 25 கிலோ என்று அச்சிட்டிருந்தால், அதற்குக் குறைந்த எடையுள்ள பூனையோ நாயோ வீட்டில் எங்கே திரிந்தாலும் அலாரம் ஒலிக்காது என்று ஒருவர் பகிர்ந்திருக்கிறார். அதை அன்புடன் திருத்த விரும்புகிறேன். இந்த அலாரங்களில் உள்ள அகச்சிவப்பு (வெப்பக் கதிர்) உணரிக்கு எடை தெரியாது. உடலின் வெப்பம் அதன் பார்வைப் பகுதிகளைக் கடக்கும்போது ஏற்படும் மாற்றத்தையே அது கவனிக்கிறது. 25 கிலோ என்பது, கையேடு சொல்லும் உயரத்தில், பெரும்பாலும் 2 மீட்டருக்குச் சற்று மேலே, உணரி பொருத்தப்பட்டு, பிராணி தரையிலேயே நடமாடும்போது மட்டும் பொருந்தும் தோராயமான அளவு. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுப் பூனைக்கு 4 கிலோகூட இல்லை. தரையில் எத்தனை முறை ஓடியும் ஒலிக்காத அலாரம், அது சாமி மேடைக்குப் பக்கத்து அலமாரியில் ஏறியதும் அலறியது (விடியற்காலை 3 மணி, பால்மரம் வெட்டப் போகிறவர்கள்கூட எழாத நேரம்).

இதை யாரும் வீட்டிலேயே சரிபார்க்கலாம். அலாரத்தைச் சோதனை நிலையில் வைத்து, அலமாரி மேல் கொஞ்சம் தீனி வைத்துவிட்டு, உங்கள் உடல் வெப்பம் படாதபடி அறைக்கு வெளியே நின்று, பூனை தரையில் நடக்கும்போதும் மேலே ஏறும்போதும் உணரியின் சிறு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள்.