குதிரை யாருடையது?

சிந்து எல்லையில் புக்தி மலைக்கூட்டத்தாரைத் துரத்திய ஆங்கிலேய அதிகாரி ஜான் ஜேக்கப்பின் குதிரைப்படைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி அரசே இலவசமாகக் குதிரை கொடுத்தது என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அது சரியல்ல, நண்பரே. 1847 முதல் கான்கரில் (இன்றைய ஜேக்கபாபாத்) முகாமிட்டிருந்த அந்தச் சிந்து குதிரைப்படை 'சில்லாதார்' முறையில் இயங்கியது. குதிரையும் சேணமும் சவாருக்கு (குதிரைவீரனுக்கு) சொந்தம், அல்லது அவனுக்குக் குதிரை தந்த வேறொரு உரிமையாளரின் பொறுப்பு. அரசு தந்தது மாதச் சம்பளம். தீனிச் செலவும் அதற்குள்தான்.

பிற்காலத்தில் இது இன்னும் ஒழுங்கானது. சேரும்போது 'அசாமி' என்று ஒரு தொகை கட்ட வேண்டும், விலகும்போது திரும்பக் கிடைக்கும். இரண்டு சவார்களுக்கு ஒரு மட்டக்குதிரை, புல் வெட்ட ஓர் ஆள். படை நகரும்போது அந்த மட்டக்குதிரைமேல்தான் இருவரின் மூட்டையும் புல்கட்டும் போகும். பக்கத்து மலைக்குச் சட்டென்று புறப்பட இது வெகு வசதி. ஆனால் கடல் கடந்த நீண்ட போரில் செத்த குதிரைக்கு மாற்று வாங்க வழியில்லை. 1914-இல் முதல் உலகப்போர் தொடங்கிய பிறகு முறை குலைந்தது அதனால்தான்.

குழப்பம் எங்கிருந்து வருகிறதென்றால், சென்னைப் படையின் குதிரை ரெஜிமென்டுகளுக்கு உண்மையிலேயே அரசுக் குதிரைதான். பிரிட்டிஷ் இந்திய அரசின் விவரத் தொகுப்பான இம்பீரியல் கெசட்டியரின் 4-ஆம் தொகுதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ராணுவ அத்தியாயத்தில் 'சில்லாதார்' என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் (silladar) தேடுங்கள். சில்லாதார் சவாரின் சம்பளத்தைக் காலாட்படைச் சிப்பாயின் சம்பளத்தோடு ஒப்பிடுங்கள்; அந்தப் பெரிய வித்தியாசம் குதிரைச் செலவு.