"பாத்து ஓட்டுங்கண்ணே"

காண்டுல டைப் பண்றேன், எழுத்து முன்ன பின்ன இருந்தா கண்டுக்காதீங்க.

போன வெள்ளிக்கிழமை ராத்திரி பதினொன்னரை இருக்கும். மணலி புதுநகர் தாண்டி ஒரு யார்டு, பேரு வேணாம். நான் வழக்கமா ஓட்டுற டிரெய்லர் ஸ்பிரிங் பட்டை உடைஞ்சு ஒர்க் ஷாப்ல நிக்குது, அதனால ரொம்ப நாளா மூலைல கெடந்த ஒரு நாப்பதடி டிரெய்லர காட்டி "அண்ணே இத மாட்டிக்கோங்க, சாயந்தரமே கன்டெய்னர் பாக்ஸ் ஏத்தியாச்சு, காட்டுப்பள்ளி துறைமுகம், காலைல நாலு மணிக்குள்ள கேட் உள்ள போயிடணும், கப்பல் கட் ஆஃப்"னு சூப்பர்வைசர் தம்பி சொல்றான். தம்பிக்கு வயசு இருபத்தாறு இருக்கும், இதுவரைக்கும் ஒரு வீல் நட்ட கையால தொட்டதில்ல, ஆனா கைல ரெண்டு போனு.

நான் வண்டிய மாட்டுறதுக்கு முன்னாடி ஒரு சுத்து சுத்தி வந்து பாப்பேன். இது என் பழக்கம், இதுக்கே ஷெட்ல எனக்கு "இன்ஸ்பெக்டர்"னு பேரு வச்சு ஓட்டுவானுங்க. செல்போன் டார்ச்ச அடிச்சிகினு குனிஞ்சு உள்ள பாக்குறேன், நடு ஆக்சில் லெஃப்ட் சைடு பிரேக் சாம்பருக்கு, அதான் காத்து அழுத்தத்துல பிரேக்க புடிக்க வைக்கிற டப்பா, அதுக்கு போற ஏர் பைப்ப கழட்டி, அந்த பைப் வாயில ஒரு போல்ட்ட சொருகி, மேல கிளாம்ப் போட்டு முறுக்கி வச்சிருக்கானுங்க. போல்ட்டு துரு ஏறிப்போய் கீது, அப்ப இது நேத்து முந்தாநேத்து பண்ண வேலை இல்ல. சாம்பர் உள்ள இருக்குற ரப்பர் டயாஃப்ரம் கிழிஞ்சு காத்து லீக் ஆயிருக்கும், மாத்துறதுக்கு பதிலா வாய அடைச்சிட்டா காத்தும் லீக் ஆகாது, கேஜ்ல காத்து பிரஷர் ஏழு எட்டு காட்டும், டிரைவர் சந்தோஷமா போவான், அந்த சக்கரத்துக்கு பிரேக்கே கெடையாதுன்னு அவனுக்கு எப்ப தெரியும்னா அவசரத்துக்கு அழுத்தும்போதுதான் தெரியும்.

மூணு ஆக்சில், ஆறு சாம்பர், அதுல ஒண்ணுதானே போச்சுன்னு தோணும். அப்டி கணக்கு போடக்கூடாதுபா. ஒரு பக்கம் புடிக்கும் ஒரு பக்கம் புடிக்காது, வண்டி ஒரு சைடு இழுக்கும், மிச்சம் இருக்குற டிரம்மெல்லாம் சூடாகி அதுவும் புடிக்காம போகும், அப்புறம் முன்னாடி இழுக்குற வண்டி, ஹார்ஸுன்னு சொல்லுவோம், அது நிக்கப் பாக்கும் பின்னாடி இருக்குற வெயிட்டு தள்ளும், ரோடு ஈரமா இருந்துச்சுன்னா முழங்கை மடங்குற மாதிரி மடங்கிக்கும். பாக்ஸோட சேத்து 30 டன் வரைக்கும் வரும் அந்த நாப்பதடி. 30 டன்னு உன் முதுகுல கைய வச்சு தள்ளுனா நீ எங்க போய் நிப்ப?

இதோட விட்டுச்சான்னா இல்ல. பின்னாடி ரைட் மூலைல, பாக்ஸ டிரெய்லரோட பூட்டுற ட்விஸ்ட் லாக்குக்கு கைப்புடியே இல்ல, லாக் திரும்பவே இல்ல, அத நீலக்கலர் நைலான் கயித்தால கட்டி வச்சிருக்கான். காசிமேட்டுல மீன்புடி படக கட்டுவாங்களே அந்த கயிறு. பாக்ஸுக்கு புடிப்பே நாலு மூலைல இருக்குற அந்த லாக்குதான்யா, ஒரு பக்கம் புடிப்பு இல்லாம பள்ளத்துல ஏறி எறங்கும்போது துள்ளுச்சுன்னா பக்கத்துல வர்ற ஆட்டோ மேல படுத்துக்கும், இதுல கயித்த கட்டி என்ன பிரயோஜனம், கண் திருஷ்டிக்கா? டயரு 12ல உள் டயரு ஒண்ணு, கைய விட்டு தடவுனா என் மண்டை மாதிரி வழவழன்னு கீது, ஒரு எடத்துல கம்பி விரல்ல குத்துச்சு. சட்டப்படி டயர் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டராவது இருக்கணும். டெயில் லைட்ட பத்தி நான் பேசவே இல்ல, அது எங்க ஊர்ல ஆடம்பரம்.

தம்பிய கூப்ட்டு ஒண்ணொண்ணா காட்டுனேன். அவன் டார்ச் வெளிச்சத்துல போல்ட்ட ஒரு செகண்டு பாத்தான், உடனே கண்ணு போனுக்கு போயிடுச்சு. "அண்ணே, 20 கிலோமீட்டர்தானே, வல்லூர் அத்திப்பட்டு வழியா நைட்ல ரோடு காலியாத்தான் இருக்கும், பாத்து ஓட்டுங்கண்ணே."

பாத்து ஓட்டுங்கண்ணே! பிரேக் புடிக்கலயா, பாத்து ஓட்டுங்கண்ணே. டயர் மொட்டையா, பாத்து ஓட்டுங்கண்ணே. லாக் இல்லயா, வளைவுல மட்டும் கொஞ்சம் பாத்து ஓட்டுங்கண்ணே. எங்க ஷெட்ல எப்பவும் ஸ்டாக் இருக்குற ஒரே ஸ்பேர் பார்ட்ஸ் அதுதான். எது உடைஞ்சாலும் அதையே மாட்டி அனுப்புவானுங்க.

நான் எடுக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். ஓனருக்கு போன் போட்டான், ஸ்பீக்கர்ல போட்டான், அந்தாளு தூக்கத்துல "இன்னாபா நீ, எஃப்சி இருக்குல்ல, அப்புறம் இன்னா பேஜாரு, உனக்கு இஷ்டம் இல்லனா வுடு, வேற ஆள் இஸ்துகினு போவான்"னாரு. எஃப்சி, அதான் வண்டி ஓட்ட தகுதியா இருக்குன்னு ஆர்டிஓ குடுக்குற சர்டிஃபிகேட், அது இருக்கு சார், இல்லன்னு யார் சொன்னது. எட்டு வருஷம் தாண்டுன வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்சி காட்டணும், அன்னிக்கு மட்டும் வேற டிரெய்லர்லருந்து நல்ல டயரா பாத்து கழட்டி இதுல மாட்டி, ரேடியம் ஸ்டிக்கர் ஒட்டி, பெயின்ட் அடிச்சு பொண்ணு பாக்க போற மாதிரி கூட்டினு போவீங்க, சாயந்தரம் திரும்பி வந்ததும் எல்லாத்தையும் கழட்டிடுவீங்க. ஒரு நாள் அலங்காரத்துக்கு ஒரு வருஷம் நான் உயிர பணயம் வைக்கணுமா?

எல்லாரும் கேக்குறாங்க, "டிரைவர்தானே முடிவு பண்ணணும், ஓட்டாம இருக்க வேண்டியதுதானே"ன்னு. எங்கய்யா முடிவு. டிரிப் போனாதான் பேட்டா, நின்னா ஒரு பைசா கெடையாது. மாட்டேன்னு சொல்ற அன்னிக்கு வீட்ல அடுப்பு எரியணும்ல. ஆனா புடிச்சா மட்டும் கேஸு யார் மேல? மோட்டார் வாகன சட்டம் 190ன்னு ஒண்ணு கீது, பழுது இருக்குன்னு தெரிஞ்சோ, கொஞ்சம் கவனிச்சா தெரிஞ்சிருக்கும்ங்குற மாதிரியோ இருக்குற வண்டிய ரோட்ல ஓட்டுனா 1500 ரூபா ஃபைன், அதால ஆக்சிடென்ட் ஆகி யாருக்காவது அடிபட்டா 3 மாசம் ஜெயில், 5000 ஃபைன் இல்ல ரெண்டும். அதே செக்‌ஷன்ல ஓட்டச் சொல்லி அனுப்புறவனையும் சேத்துதான் எழுதியிருக்கு, ஆனா ஸ்பாட்ல ஸ்டியரிங் முன்னாடி உக்காந்திருக்குறவன் சட்டைய புடிக்கிறது ஈசி. உயிர் போச்சுன்னா புது கிரிமினல் சட்டம் பிஎன்எஸ்ல 106வது செக்ஷன், 5 வருஷம் வரைக்கும் ஜெயில். பழைய ஐபிசில 2 வருஷம்தான் இருந்துச்சு. ஓனர் வக்கீலோட வருவாரு. நான் லுங்கியோட போவேன்.

அமெரிக்கால 1982லயே ஒரு சட்டம் போட்டுட்டாங்களாம், கண்டம் வண்டிய எடுக்க மாட்டேன்னு டிரைவர் சொன்னா அதுக்காக வேலைய விட்டு தூக்கக்கூடாது, எடுக்குறதுக்கு முன்னாடி வண்டி சரியா இருக்குன்னு டிரைவருக்கு திருப்தி ஆகணும்னும் ரூல் இருக்கு. அங்கயும் லோடு அனுப்புறவன் நச்சரிக்கத்தான் செய்வான், மனுசன் எங்கயும் மனுசன்தான், ஆனா காட்டுறதுக்கு ஒரு பேப்பராவது இருக்கு. இங்க திருப்தியாவது மண்ணாவது.

நான் ஒண்ணும் உத்தமன் இல்ல, அதையும் சொல்லிடுறேன். ரெண்டு வருஷம் முன்னாடி இதே மாதிரி பிரேக் சரியில்லாத டிரெய்லர தெரிஞ்சேதான் இழுத்துகினு வந்தேன், ஸ்கூல் ஃபீஸ் கட்டுற மாசம், வாய மூடிகினு மாட்டிட்டேன். மணலில எம்எஃப்எல் சிக்னல், காலைல எட்டரை, லேசா தூறல். ரெட் விழுந்துச்சு, அழுத்துறேன், வண்டி நிக்கல. பின்னாடிலருந்து தள்ளுது. முன்னாடி ஒரு ஸ்கூட்டி, அப்பா ஓட்டுறாரு, பின்னாடி யூனிஃபார்ம்ல பாப்பா, ரெட்டை ஜடை, பச்சை ரிப்பன், அப்பாவுக்கும் தனக்கும் நடுவுல டிபன் பேக்க வச்சு கட்டிப் புடிச்சிகினு உக்காந்திருக்கு. ஹாரன கை எடுக்காம அடிச்சேன். வண்டி நின்னப்ப என் பம்பருக்கும் அந்த நம்பர் பிளேட்டுக்கும் ஒரு ஜாண் இருக்கும். அந்தாளு திரும்பி பாத்து அசிங்க அசிங்கமா திட்டுனாரு, பாப்பா மட்டும் ஒண்ணும் சொல்லாம என் மூஞ்சியவே பாத்துச்சு. சிக்னல் பச்சை விழுந்தும் எனக்கு கிளட்ச்ல இருந்த கால் நடுங்கிகினே இருந்துச்சு, பின்னாடி எல்லாரும் ஹாரன் அடிக்கிறான். அன்னிலருந்துதான் இந்த டார்ச்.

சரி வெள்ளிக்கிழமைக்கு வரேன். வண்டிய அங்கயே விட்டுட்டு பைக்ல எர்ணாவூர் வந்து படுத்துட்டேன். அந்த டிரெய்லர ஒரு சின்ன பையன் எடுத்துகினு போனான், ஹெவி லைசென்ஸ் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகல, குழந்தை பொறந்து ரெண்டு மாசம். அவன குத்தம் சொல்ல எனக்கு வாய் இல்ல, எம்எஃப்எல் சிக்னலுக்கு முன்னாடி நானும் அவன்தான். விடியக்கால மூணரைக்கு பாக்ஸ இறக்கிட்டு நல்லபடியா திரும்பி வந்துட்டான். அதுதான் இப்ப எனக்கு வினை. "பாத்தியா, அவன் போயிட்டு வந்துட்டான், நீதான் உதார் வுட்ட"ன்னு ஷெட் முழுக்க பேச்சு. ஒரு வாட்டி ஒண்ணும் ஆகலன்னா பிரேக் இருக்குன்னு அர்த்தமா? அடைச்ச போல்ட்டு அங்கயேதானடா இருக்கு!

அஞ்சு நாளா எனக்கு டிரிப் இல்ல. வேணும்னே குடுக்கல, ஆர்டர் டல்லாம். நேத்து சாயந்தரம் எக்ஸ்பிரஸ் ரோட்ல டீக்கடைல நிக்குறேன், சென்னை துறைமுகம் ஜீரோ கேட்டுக்கு போற லைன்ல எதிர்க்க அதே டிரெய்லர் ஊர்ந்துகினு போது. மேல ரெண்டு இருபதடி. ரைட் மூலைல நீல கயிறு அப்டியே கீது, முடிச்சு மட்டும் புதுசு.

இன்னிக்கு காலைல தம்பி போன் பண்றான். "அண்ணே, கோச்சுக்காதீங்கண்ணே, நைட்டு ஒரு லோடு இருக்கு, வந்துடுங்க."

எந்த டிரெய்லர்னு கேட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "வாங்கண்ணே, நேர்ல பேசிக்கலாம்"னான்.